பலகணியை அடைத்த கை



கொள்ளைநோய்க் காலத்தில் நான் இறுகப் பற்றியிருந்த நம்பிக்கை ஒன்று பிழையாயிற்று. அதனை ஈண்டு மறையாது கூறுகின்றேன்.

2020 மார்ச்சு 25ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. கொரோனா என்னும் மகுடைத் தொற்று இருமல் துளிகளால் பரவும், காற்றில் பரவாது என உலக நலவாழ்வு அமைப்பு அம்மாதமே அறிவித்தது. நானும் காய்களை வழலையிட்டுக் கழுவினேன். எவரோடும் ஆறடி விலகியே அமர்ந்தேன்.

சூலையில், அந்நோய் காற்றிலும் பரவும் என 239 அறிவியலறிஞர் எச்சரித்தனர். நாளிதழில் படித்தேன், எள்ளி நகைத்தேன்.

ஐப்பசி மழையிரவொன்றில் நண்பரொருவர் வந்தார். பலகணிகளை அடைத்தேன். "ஆறடி உள்ளது; மூக்குமூடி எதற்கு?" என்றேன். நெடுநேரம் உரையாடினோம். ஒரு கிழமைக்குள் இருவரும் நோயுற்றோம். நான் எழுந்தேன், அவர் எழவில்லை.

அடைத்த அறையில் நுண்துளிகள் மிதந்து தொலைவுக்கும் செல்லும் என்பதை அவ்வமைப்பே 2021இல் ஏற்றது.

யாரிடமிருந்து யார்க்கு நோய் வந்ததோ, அறியேன். பலகணியை அடைத்த கை என் கை.

தோழர்களே! கொள்கையில் உறுதி வேண்டும். ஆயின், உயிர்காக்கும் அறிவில் சான்று மாறின் நாமும் அன்றே மாறல் வேண்டும். நான் காலந்தாழ்ந்து மாறினேன், நீவிர் தாழாதீர்!