மூக்கு ஸ்பிரேயும் மூன்று நாள் கணக்கும்



மழை தொடங்கினால் லயத்தில் ஒரு காம்பராவில் வரும் தடிமன் கடைசிக் காம்பரா வரைக்கும் போகும். மூக்கடைத்து இரவெல்லாம் தூக்கமில்லை. விடிந்தால் பிரட்டுக்குப் போக வேண்டும். போகாவிட்டால் அன்றைய பேர் இல்லை. அதனால்தான் நாங்கள் டவுனில் மூக்குக்கு அடிக்கும் ஸ்பிரேயை வாங்குகிறோம்.

போத்தலில் ஒக்சிமெற்றசோலின் அல்லது சைலோமெற்றசோலின் என்றிருக்கும். இது தடிமனைக் குணமாக்கும் மருந்தல்ல. மூக்கினுள்ளே வீங்கிய இரத்தக் குழாய்களைச் சுருக்கி, சில மணி நேரம் மூச்சுக்கு வழிவிடும், அவ்வளவுதான். தடிமன் பெரும்பாலும் 7, 10 நாளில் தானாகவே போய்விடும்.

படுக்கும்போது அடித்துத் தூங்குவதில் பிழையில்லை. ஆனால் 3 நாள், மிஞ்சினால் 5 நாள். அதற்கு மேல் போனால் மருந்தின் வேகம் இறங்கியதும் மூக்கு மறுபடி அடைக்கும். திரும்ப அடிப்போம், திரும்ப அடைக்கும். தடிமன் போய் மாதங்களாகியும் போத்தலோடு மலையேறுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பழியை மட்டும் குளிரின் மேல் போடுகிறோம்!

பிரஷர், இருதய வருத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டொக்டரைக் கேட்காமல் பாவிக்கக்கூடாது. பெரியவர்களின் போத்தலைச் சின்னப்பிள்ளைகளுக்கு அடிக்கவே வேண்டாம். அவர்களுக்கென்று உப்புநீர்ச் சொட்டு மருந்து இருக்கிறது, பாமசியில் கேளுங்கள். ஒருவர் மூக்கில் வைத்ததை மற்றவர் வைத்தால் தடிமனும் கூடவே போகும்.

மூச்சிழுப்போ விடாத காய்ச்சலோ இருந்தால் ஸ்பிரேயை நம்பி மலைக்குப் போகாதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அன்றைய பேரைப் பற்றித் தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள். துரையிடம் நாங்கள் பேசுகிறோம்.