இடக்கால் கற்பித்த ஆசிரியர்

இந்தியக் காற்பந்துப் பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம் ஐதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். எம் தொழிலினர் என்பதில் எனக்குச் சற்றே பெருமையுண்டு. வலக்கால் பழகியோரை இடக்காலால் மட்டுமே ஆடச்செய்து பந்தயங்கள் நடத்தினார். எங்கள் திருப்புட்குழித் தறிக்குழியில் ஒரு காலை மட்டும் நம்பினால் பட்டுச்சேலை வளருமோ?

1951இல் தில்லியில் ஆசியப் போட்டித் தங்கம். 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காமிடம். பின்னர்ப் புற்றுநோய் பற்றிய உடலோடு 1962இல் ஜகார்த்தா சென்றார். முதல் ஆட்டத்தில் தென்கொரியா 2–0 என வென்றது. அரையிறுதியில், தலையில் தையலிட்டிருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை ரஹீம் முன்வரிசைக்கு அனுப்பினார், எவர் துணிவார்? அவரோ கோலடித்தார்! இறுதியாட்டத்தில் மீண்டும் தென்கொரியா. பீட்டர் தங்கராஜ் கோல் காத்தார், பி. கே. பானர்ஜியும் ஜர்னைலும் அடித்தனர். 2–1 எனத் தங்கம் நமதாயிற்று.

1963 ஜூனில் ரஹீம் மறைந்தார். ஆசியப் போட்டிக் காற்பந்தில் இந்தியா அதன்பின் தங்கம் வென்றதில்லை.