தொண்டின் வழியே கல்வி

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

ஒரு கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகள் நிலைத்து நிற்பது எளிய செயலன்று. கூலியில் மிச்சம் பிடித்துத் தந்த ஒரு தாயின் பத்து ரூபாயும், மாலையில் வந்து பாடம் சொல்லித் தந்த ஓர் இளைஞனின் ஒரு மணி நேரமும் சேர்ந்துதான் இத்தகைய சங்கங்களைத் தாங்கி வந்துள்ளன. தொண்டால் வளர்ந்த இந்த மேடையில், தொண்டு ஒரு மாணவனை எவ்வாறு வளர்க்கிறது என்று பேசுவதே பொருத்தமெனக் கருதுகிறோம்.

மாணவர் தொண்டு நம் நாட்டில் ஒரு திட்டமாக உருப்பெற்றது, காந்தியடிகள் நூற்றாண்டான 1969-இல் ஆகும். அவ்வாண்டு செப்டம்பர் 24-ஆம் நாள், 37 பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. 'எனக்காக அன்று, உனக்காக' என்பதே அதன் குறிக்கோள். தமிழகத்தின் மேனிலைப் பள்ளிகளிலும் அது இன்று நடைபெறுகிறது. திட்ட விதிப்படி ஒரு தொண்டர் ஆண்டுக்கு 120 மணி நேரம் பணியாற்ற வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. "படிக்கிற பிள்ளையை வேலை வாங்குகிறார்களே" என்று பெற்றோர் சிலர் கவலைப்படுகின்றனர். 120 மணி நேரத்தை ஆண்டு முழுவதற்கும் பகிர்ந்து பார்த்தால் வாரத்திற்கு இரண்டரை மணி நேரம்கூட ஆகாது. படிப்பை அது கெடுக்காது. எவ்வாறு நடத்தப்படுகிறது என்பதே கேள்வி.

இக்கேள்வி பிறரைவிட நமக்கு முதன்மையானது. தொண்டு என்ற சொல்லைக் கேட்டதும் நம் பெரியவர்களின் முகம் சுருங்குமாயின், அதற்குக் காரணம் உண்டு. சாவுச் செய்தி சொல்ல ஓடியதும், செத்த மாட்டைச் சுமந்ததும், கூலியின்றி வெட்டி வேலை செய்ததும் 'ஊர் ஊழியம்' என்ற பெயரால்தான். பள்ளிக்கூடமும் இதற்கு விலக்காக இருக்கவில்லை. நாங்கள் மாணவராயிருந்த நாளில், துப்புரவுப் பணி என்றால் துடைப்பம் நம் பிள்ளைகள் கைக்கும், மேற்பார்வைக் குறிப்பேடு மற்றவர் கைக்கும் போய்ச் சேரும். கழிவறை கழுவ நம் பிள்ளைகளை மட்டும் ஏவினர் என்ற செய்தி நாளேடுகளில் இன்றும் இடையிடையே வரக் காண்கிறோம். அது தொண்டன்று, பழைய அடிமைத்தனம் சீருடை அணிந்து வருவது.

நம் அரசியலமைப்புச் சட்டம் இதை முன்னறிந்தே பேசியிருக்கிறது. அதன் 23-ஆம் உறுப்பு வெட்டி வேலையை விலக்குகிறது. பொது நலனுக்காக அரசு கட்டாயப் பணி விதிக்கலாம் என்று கூறும் அதே உறுப்பு, மதம், இனம், சாதி, வகுப்பு என்பவற்றை மட்டுமே கொண்டு அதில் வேற்றுமை பாராட்டலாகாது என்றும் ஆணையிடுகிறது. நம் இளைஞர் ஒவ்வொருவரும் இதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

அப்படியாயின் கல்வியாகும் தொண்டு எது? மூன்று அடையாளங்கள் சொல்வோம். துடைப்பமும் குறிப்பேடும் முறை வைத்து எல்லார் கைக்கும் வர வேண்டும். என்ன பணி செய்வது என்பதை மாணவரே ஊரைப் பார்த்து ஆய்ந்து முடிவு செய்ய வேண்டும். பணி முடிந்தபின் கூடி அமர்ந்து, கண்டதையும் கற்றதையும் பேசி எழுத வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் உடல் உழைக்கும்; அறிவு உறங்கும்.

எடுத்துக்காட்டாக, நம் தெருக் குடிநீரையே எடுத்துக்கொள்வோம். 60 வீடுகள், வீட்டிற்கு 5 பேர், ஒரே ஒரு குழாய். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது, 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் வகுத்த அளவு. எனவே 300 பேருக்கு வேண்டியது 16,500 லிட்டர். மாணவன் ஒருவன் கடிகாரத்துடன் குழாயடியில் நிற்கிறான். 15 லிட்டர்க் குடம் நிறைய 3 நிமிடம் ஆகிறது. நிமிடத்திற்கு 5 லிட்டர். அவ்வாறாயின் தேவையான நீரைப் பிடிக்க 3,300 நிமிடம், அதாவது 55 மணி நேரம் வேண்டும். நாளுக்கோ 24 மணி நேரந்தான்! குழாயடியில் பெண்கள் சண்டையிடுகிறார்கள் என்று அதுவரை எண்ணியிருந்த மாணவன், சண்டையிடுவது பெண்களல்லர், குழாய்ப் பற்றாக்குறையே என்று அன்று உணர்கிறான். கணக்கை எழுதி, தெருவின் படம் வரைந்து, கிராம சபையில் மனுவாக எழுந்து நின்று படிக்கிறான். கணிதமும், புவியியலும், குடிமையியலும், தமிழ்க் கட்டுரையும் ஒரே வாரத்தில் அவன் வசமாகின்றன. இவற்றிலும் பெரியது, அவையில் நடுங்காமல் பேசும் துணிவு.

கற்பிக்கும் தொண்டும் அத்தகையதே. நான்காம் வகுப்புப் பிள்ளைக்குப் பின்னக் கணக்கைச் சொல்லித்தரப் புகுந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி, தனக்கு எங்கே தெளிவில்லை என்பதை முதலில் கண்டுகொள்கிறாள். பிறகு இருவருமே தேறுகின்றனர். 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, தொண்டர்கள் ஊதியமின்றி எழுத்தறிவித்தனர். பெண்கள் எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். எழுத்துக் கற்பிக்கப் போன இளையோர், உழைக்கும் பெண்களின் ஆற்றலைக் கற்றுத் திரும்பினர்.

நம் முன்னோடிகளும் இவ்வழியே நடந்தனர். சுவாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்விப் பணியைத் தொடங்கினார். அண்ணல் அம்பேத்கர் 1924-இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையை நிறுவினார்; அச்சபை 1925-இல் சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தது. உலகின் பெரிய பல்கலைக்கழகங்களில் பயின்று திரும்பியவர், தம் மக்களின் பிள்ளைகளுக்கு உண்ண இடமும் உறங்க இடமும் தேடினார் என்றால், படித்தவன் கடமை யாது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமோ?

இளைஞர்களே! உங்களிடம் ஒரு சிறு பணியை ஒப்படைக்க விரும்புகிறோம். சாதிச் சான்றும், வருமானச் சான்றும், வங்கிக் கணக்கும் உரிய நாளில் கிடைக்காமையால் உதவித்தொகையை இழக்கும் பிள்ளைகள் நம் தெருக்களில் இருக்கின்றனர். கல்லூரியில் பயிலும் ஒவ்வொருவரும் பள்ளிப் பிள்ளைகள் ஐவரின் பெயரை இன்றே குறித்துக்கொள்ளுங்கள். எந்தச் சான்று இல்லை என்று பாருங்கள். பெற்றோரை உடனழைத்துச் சென்று மனுச் செய்யுங்கள். கையில் கிடைக்கும்வரை தொடருங்கள். அலுவலக நடைமுறையும், சட்டமும், பொறுமையும் உங்களுக்குப் பாடமாகும். ஐந்து பிள்ளைகளின் படிப்பும் நிற்காமல் நடக்கும்.

நம் முன்னோர் பிறர் ஏவ ஊழியம் செய்தனர். நாம் நம் விருப்பத்தால், தலைநிமிர்ந்து, நம்மவர்க்கும் எல்லார்க்கும் தொண்டு செய்வோம். இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தொலைவே கல்வி. அந்தத் தொலைவைக் கடக்க இச்சங்கம் பல்லாண்டு துணை நிற்க வாழ்த்தி அமைகிறோம்.