தீயைப் படிக்கும் கல்லூரி



தீயை அணைக்க ஒரு படிப்பா? குடம் தண்ணீர் போதாதா? இப்படிக் கேட்பவர்கள் உண்டு. ஆனால் அதற்கென்றே ஒரு கல்லூரி இருக்கிறது. மகாராஷ்டிரா மாநிலம் நாக்பூரில் இருக்கிறது. அதன் பெயர் தேசியத் தீயணைப்புப் பணிக் கல்லூரி. 1956-ஆம் ஆண்டு உத்தரப்பிரதேசத்தில், ராம்பூர் என்ற ஊரில் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே நாக்பூருக்கு மாற்றினார்கள். மத்திய அரசு நடத்தும் கல்லூரி இது.

அங்கே வெகுகாலம் ஆண்கள் மட்டுமே படித்தார்கள். 2002-ஆம் ஆண்டு ஒரு பெண் சேர்ந்தார். அவர் பெயர் ஹர்ஷினி கன்ஹேகர். நாக்பூர்ப் பெண். பெண்ணால் முடியுமா என்று பலரும் கேட்டார்கள். தண்ணீர் நிரம்பிய குழாயைத் தூக்கி ஓட வேண்டும். ஏணியில் ஏற வேண்டும். ஆண்கள் செய்த பயிற்சி எல்லாம் அவரும் செய்தார். படிப்பை முடித்தார். பிறகு எண்ணெய், எரிவாயு எடுக்கும் அரசு நிறுவனத்தில் தீயணைப்புப் பொறியாளர் ஆனார். முடியுமா என்று கேட்டவர்களுக்கு வேறு பதில் எதற்கு?

சரி, அங்கே என்ன படிக்கிறார்கள்?

தீ எரிய மூன்று வேண்டும். எரிகிற பொருள், சூடு, காற்றில் உள்ள பிராணவாயு. உங்கள் அடுப்பையே பாருங்கள். விறகை வெளியே இழுத்தால் தீ தணிகிறது. தண்ணீர் தெளித்தால் சூடு போகிறது. மூடினால் காற்று போகிறது. மூன்றில் ஒன்று போனால் தீ இல்லை. இது நம் பாட்டிமார்கள் கையில் இருந்த பாடம்தான். ஆனால் எந்தத் தீக்கு எது? அதற்குத்தான் படிப்பு.

வாணலியில் எண்ணெய் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது. தண்ணீர் எண்ணெயைவிடக் கனம். அடியில் போய்விடும். அந்தச் சூட்டில் சட்டென்று ஆவியாகும். எரிகிற எண்ணெயை மேலே தூக்கி அடிக்கும். அடுப்பை நிறுத்துங்கள். தட்டால் மூடுங்கள். ஆறும்வரை திறக்காதீர்கள்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையில் தேங்கும். அப்போது விளக்கு சுவிட்சைத் தொடாதீர்கள். சிறு பொறி போதும். சிலிண்டர் வால்வை மூடிவிட்டுக் கதவு, ஜன்னலைத் திறங்கள்.

இன்னொரு பெரிய பாடம் கட்டடம். மாடிப்படி எத்தனை அகலம்? கதவு எந்தப் பக்கம் திறக்கிறது? வெளியே போக எத்தனை வழி? கட்டும் முன்பே வரைபடத்தைப் பார்த்து இதையெல்லாம் கேட்க வேண்டும்.

1997-ஆம் ஆண்டு ஜூன் 13 அன்று டெல்லியில் உப்ஹார் என்ற சினிமாக் கொட்டகையில் தீப்பிடித்தது. கீழே இருந்த மின்மாற்றியில் பிடித்த தீ அது. மாடியில் படம் பார்த்தவர்களிடம் புகைதான் முதலில் போனது. கூடுதல் நாற்காலிகள் போட்டு ஒரு வழியை அடைத்திருந்தார்கள். 59 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தீயில் வெந்து அல்ல, புகையில் மூச்சு முட்டி. நாலு நாற்காலியின் காசு எத்தனை இருக்கும்?

சூடான புகை மேலே நிற்கும். தரையோரம் ஓரளவு நல்ல காற்று இருக்கும். அதனால் புகைக்குள் நிமிர்ந்து ஓடாதீர்கள். குனிந்து, தவழ்ந்து வெளியே வாருங்கள். பணம், நகை என்று திரும்பிப் போகாதீர்கள்.

தீயணைப்பு நிலையத்துக்கு 101 என்ற எண்ணில் பேசலாம். 112-லும் பேசலாம். பதற்றத்தில் போனை வைத்துவிடாதீர்கள். முதலில் ஊர், தெரு, பக்கத்தில் உள்ள கோயிலோ கடையோ ஏதாவது ஓர் அடையாளம் சொல்லுங்கள். பிறகு எரிவது கூரையா, எண்ணெயா, மின்சாரமா என்று சொல்லுங்கள். எதைக் கொண்டு அணைப்பது என்று அவர்கள் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.