காசி நகரின் தறியோசை

காசி என்றதும் நம்மவர் மனக்கண்ணில் தோன்றுவன கங்கையின் படித்துறைகளும் மணிகர்ணிகையின் சிதைத் தீயுந்தான். இறப்பதற்கென்றே நாடிச் செல்லும் நகரமாக அதனை எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால், வருணை, அசி என்னும் இரு சிற்றாறுகளின் பெயரால் வாரணாசி எனப்படும் அந்நகர், நெசவினால் வாழ்ந்த நகருமாகும். அந்தக் காசியைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

காசித் துகிலின் புகழ் மிகப் பழையது. நம் நாட்டு மாத்தளை அலுவிகாரையில் ஏட்டிலேறியதாக மரபு கூறும் பாளி நூல்களிலேயே அதன் மென்மை பேசப்படுகின்றது. பின்னர் முகலாயர் காலத்தில் பட்டும் சரிகையும் கலந்த 'கின்காப்' துணி அந்நகருக்குப் பெருமை தேடித் தந்தது.

அத்தறிகளுக்கிடையே தோன்றியவர்தாம் கபீர். 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இந்த நெசவாளருக்குப் பாவும் ஊடையுமே உவமைகளாயின. மனித உடம்பையே இறைவன் நெய்த ஆடையாக அவர் கண்டார். காசியில் இறந்தால் முத்தி, மகரில் இறந்தால் கழுதைப் பிறவி என்பது அக்கால நம்பிக்கை. கபீரோ இறுதிக் காலத்தில் மகருக்கே சென்றார் என்பர். இடத்தாலன்றி, வாழ்வாலேயே மனிதன் உயர்கிறான் என்பதை இதனினும் தெளிவாகச் சொல்ல முடியுமா?

இன்றும் மதன்புரா, அலைப்புரா போன்ற பகுதிகளில் தறியில் அமர்வோருட் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அவர்கள் நெய்யும் சேலையை உடுத்தே எத்தனையோ இந்துப் பெண்கள் மணவறை ஏறுகின்றனர். மத நல்லிணக்கம் பற்றி நாம் பேசும் சொற்பொழிவுகளைவிட இந்தச் சேலை வலிமையானது என்பது என் கருத்து.

ஆனால், விசைத்தறியில் விரைவாகவும் மலிவாகவும் உருவாகும் போலிகள் கைத்தறியாளரின் சோற்றில் மண்ணைப் போடுகின்றன. பனாரஸ் சேலைக்கு 2009இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எனினும், வாங்குபவருக்கு வேறுபாடு தெரியாவிட்டால் சட்டம் மட்டும் என்ன செய்யும்?

ஒவ்வொரு பூவையும் தனித்தனி நூலால் நெய்யும் 'கடுவா' முறையில், சேலையின் பின்புறத்தில் வெட்டிய நூல் முனைகள் இரா. எனவே நேயர்களே, பனாரஸ் சேலை வாங்க நேர்ந்தால், முன்புறத்து மினுக்கத்தில் மயங்காமல் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். நெய்தவனின் உழைப்பு அங்கேதான் தெரியும்.