பளபளப்பின் மேல் பவுடர் நிற்காது
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசியவர்கள் ஊறுகாய், தையல், மாடு வளர்ப்பு பற்றிச் சொன்னாங்க. நான் பவுடர் கோட்டிங் பற்றிப் பேசுகிறேன். எங்கள் குழு இந்தத் தொழிலில் இறங்கியதைப் பார்த்து, "எங்களாலும் முடியுமா?" என்று பல குழுக்கள் கேட்கிறார்கள். முடியும். கேட், ஜன்னல் கிரில், நாற்காலி எல்லாம் பழகிய பெண்கள் நன்றாகவே செய்கிறோம். ஆனால் இப்போது கடைக்கு அதிகம் வருவது பைக் சாமான்கள். அதிலும் குரோம் பூசிய பழைய ஹேண்டில் பார், க்ராஷ் கார்டு, பின் கைப்பிடி, சாரி கார்டு. "இது துரு ஏறிடுச்சு, கறுப்பு அடிச்சுக் குடுங்க" என்று கொண்டு வருகிறார்கள். இந்த வேலையை எப்படி எடுக்கணும், எதை எடுக்கக் கூடாது என்பதை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

பவுடர் கோட்டிங் என்றால் என்ன? பெயிண்ட் போல இது திரவம் இல்லை, கோல மாவு மாதிரி காய்ந்த தூள். கன் வழியாக வரும்போது தூளில் மின்சாரம் ஏறுகிறது. எர்த் கொடுத்துத் தொங்கவிட்ட இரும்பில் போய் அது ஒட்டிக்கொள்கிறது. பிறகு ஓவனில் வைத்தால் உருகி, இறுகி, ஒரே தோலாக ஆகிறது. அந்தத் தோலின் கனம் 60 முதல் 80 மைக்ரான், ஏறக்குறைய ஒரு தலைமுடி கனம்.

சாணி தெளிக்காத தரையில் கோலம் நிற்குமா? காற்று அடித்தால் போய்விடும். குரோமும் அப்படித்தான். கண்ணாடி போல வழவழப்பு. சாதாரண இரும்பை பாஸ்பேட் தண்ணீரில் முக்கினால் மேலே ஒரு சொரசொரப்பு வரும், பவுடர் அதைப் பிடித்துக்கொள்ளும். குரோமில் பாஸ்பேட் பிடிக்காது. அதனால் நேராக மேலே அடித்தால், டெலிவரி கொடுக்கும் அன்று பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஒரு கல் பட்டால் போதும், வாழைப்பட்டை மாதிரி உரிந்து வரும்.

இன்னொரு விஷயமும் இருக்கு. நாம் பார்க்கும் குரோம் ஒரு மைக்ரான்கூட இருக்காது. அதன் அடியில் இருப்பது நிக்கல். பழைய சாமானில் நிக்கலுக்கும் இரும்புக்கும் நடுவே துரு ஓடியிருக்கும். ஓவன் சூட்டில் அங்கே அடைபட்ட காற்றும் ஈரமும் மேலே வந்து கொப்புளம் கட்டும்.

அதனால் வேலையின் வரிசை இதுதான். முதலில் எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவணும். அடுத்து பிளாஸ்டிங். பளபளப்பு முழுக்கப் போய், ஒரே சீராகச் சாம்பல் நிறம் வரணும். முலாம் எங்காவது உரிந்திருந்தால் அல்லது துருப்புள்ளி இருந்தால், அந்த முலாமே போகும்வரை விடக் கூடாது. பிறகு பவுடர் இல்லாமல் ஒருமுறை ஓவனில் சுட்டு எடுத்தால் உள்ளே இருக்கும் காற்று வெளியேறும். மரைகளை சிலிக்கான் அடைப்பால் மூடி, முதலில் எபாக்ஸி பிரைமர், அதன்மேல் கலர். பெரும்பாலான பவுடருக்கு 180 முதல் 200 டிகிரி, 10 முதல் 15 நிமிடம். பாக்கெட்டில் போட்டிருப்பதையே பின்பற்றுங்கள். அந்த நிமிடக் கணக்கு இரும்பு சூடேறிய பிறகுதான் தொடங்கும். ஓவன் மீட்டர் 200 காட்டியதும் கடிகாரம் பார்க்கக் கூடாது.

பிளாஸ்டிங்குக்கு ஆற்று மணல் வேண்டவே வேண்டாம். அதன் தூசு நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் வரும், வந்தால் திரும்பாது. அலுமினியம் ஆக்சைடு துகள் வாங்குங்கள். பெட்டி மூடியிருக்கணும், முகக்கவசம் போடணும். சேலைத் தலைப்பு முகக்கவசம் ஆகாது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். "எதுக்கு இவ்வளவு பாடு? ஆசிட்டில் முக்கினால் நிமிஷத்தில் குரோம் போயிடும்" என்று சொல்பவர்கள் வருவாங்க. போகும், உண்மைதான். ஆனால் அந்த ஆசிட் எங்கே போகும்? நம் வீட்டுக் கொல்லையில், கிணற்றுப் பக்கத்தில். காரத் தண்ணீரில் கரண்ட் கொடுத்துக் குரோமை எடுப்பவர்களும் உண்டு. அந்தத் தண்ணீர் மஞ்சளாக மாறும். அது ஆறு இணைதிறன் குரோமியம். புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. ராணிப்பேட்டையில் ஆலை மூடி எத்தனையோ வருஷம் ஆன பிறகும், லட்சம் டன்னுக்கு மேல் குவிந்த குரோமியக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த கதை நமக்குத் தெரியும். ஒரு ஹேண்டில் பாருக்காக நம்ம ஊர்க் கிணற்றுக்கு அந்தக் கதி வேண்டாம். ஆசிட்டில்தான் எடுக்கணும் என்றால், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியும் கழிவு நீர் சுத்திகரிப்பும் உள்ள முலாம் பட்டறைக்கு அனுப்புங்கள். அந்தக் கூலியை பில்லில் தனி வரியாகப் போடுங்கள்.

எடுக்கவே கூடாத சாமான்களும் உண்டு. முன் ஃபோர்க் பைப்பில் இருக்கும் குரோம் அழகுக்கு இல்லை. ஆயில் சீல் அதன்மேல் ஏறி இறங்குகிறது. அங்கே பவுடர் அடித்தால் சீல் போய்விடும். பிரேக் டிஸ்க், பேரிங் உட்காரும் இடம் வேண்டாம். சைலன்சர் சூட்டுக்குச் சாதாரண பவுடர் தாங்காது.

சாரி கார்டு, பின் கைப்பிடி, கால் மிதி மூன்றிலும் கூடுதல் கவனம் வையுங்கள். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி, பின்னால் உட்காருபவருக்கு இவை இருக்கணும் என்று சொல்கிறது. பின்னால் உட்காருவது பெரும்பாலும் நாமதானே! உரிந்த குரோம் பிளேடு மாதிரி வெட்டும், சேலையையும் இழுக்கும். ஓரங்களைத் தடவிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். துரு தின்று மெலிந்த கைப்பிடி வந்தால், "இதுக்குக் கலர் வேண்டாம், புதுசு மாத்துங்க" என்று திருப்பி அனுப்புங்கள். வேலை போனாலும் பரவாயில்லை.

ரேட் சொல்லும்போது கிரில்லுக்குச் சொல்லும் ரேட்டைக் குரோமுக்குச் சொல்லாதீங்க. இதில் பவுடர் செலவு குறைவு, அடி வேலைதான் அதிகம். பிளாஸ்டிங் நேரம், இரண்டு முறை ஓவன், பிரைமர் எல்லாவற்றையும் தனித்தனியாக நோட்டில் எழுதிக் கூட்டுங்கள். பக்கத்துப் பட்டறையில் பாதி விலை என்றால், ஒரு பழைய துண்டில் செய்து காட்டுங்கள். கத்தியால் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் ஆறு ஆறு கோடு கீறி, டேப் ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். 25 கட்டமும் நின்றால் அதுவே நம்ம விளம்பரம்.

பழைய புல்லட் வைத்திருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக் கையெழுத்து வாங்குங்கள். குரோமை எடுத்தால் திரும்ப முலாம்தான் போடணும். குரோம் மாதிரி கலர் பவுடர் இருக்கு, ஆனால் அசல் குரோம் பளபளப்பு அதில் வராது. இதை முன்னாலேயே சொல்லிவிட்டால் பின்னால் சண்டை இல்லை.

கடைசியாகக் கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு குழுவும் தனித்தனியாக பிளாஸ்டிங் பெட்டி வாங்கக் கடன் எடுக்க வேண்டாம். தூசு உறிஞ்சும் வசதியோடு ஒரு பொதுப் பெட்டி வைத்தால் எல்லோரும் முறை போட்டுப் பயன்படுத்தலாம். கடனும் குறையும், நம்ம பெண்களின் நெஞ்சும் பிழைக்கும். அடுத்த செயற்குழுவில் இதைத் தீர்மானமாக வைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.