இறந்தகாலத்தில் எழுதப்படும் மனிதர்



பத்திரிகைக் கட்டுரை ஒன்றை வாசிக்கும்போது அதை எழுதியவர் யார் என்று பார்க்கிறோம். அதைச் செப்பனிட்டவர் யார் என்று பார்ப்பதில்லை. ஆனால் ஒரு சமூகத்தின் குரல் அச்சில் ஏறுகிறதா, வழியிலேயே அடங்கிப்போகிறதா என்பதைப் பல வேளைகளில் தீர்மானிப்பது பெயர் தெரியாத அந்தப் பேனாதான். அதைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

முதலில் என் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் மலர் ஒன்றைத் தொகுக்கும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. கரையோரக் கிராமத்து மாணவன் ஒருவன் தன் குடும்பத்தைப் பற்றி எழுதியிருந்தான். “சோளகம் பிறந்ததும் வாடிக்குப் போனோம்” என்பது அவன் வாக்கியம். சிவப்பு மையை எடுத்த நான், “தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கியதும் இடம்பெயர்ந்தோம்” என்று திருத்தினேன். மலர் வெளிவந்தபின் அவன் என்னிடம் வந்தான். “சேர், இது எங்கட கதை இல்லையெண்டு அப்பா சொல்லிப்போட்டார்” என்றான். அந்தத் தகப்பன் சொன்னது சரி. பருவத்துக்குப் பருவம் கடலின் குணமறிந்து தொழிலுக்காக முல்லைத்தீவுக் கரைக்குப் போய் வாடியமைத்து வாழ்ந்தவர்கள் அவர்கள். ‘இடம்பெயர்வு’ என்ற சொல்லோ எங்கள் மண்ணில் ஷெல்லுக்கும் குண்டுக்கும் அஞ்சி ஓடியதைக் குறிப்பது. இலக்கணப் பிழையற்ற ஒரு வாக்கியத்தினால் ஒரு குடும்பத்தின் தொழில் அறிவை அகதி வாழ்வாக மாற்றிவிட்டேன்.

இத்தகைய திருத்தத்துக்கு எதிராக ஈழத்து எழுத்தாளர்கள் நெடுங்காலம் போராடியவர்கள் என்பதை எண்ணும்போது என் வெட்கம் கூடுகிறது. எங்கள் வடமராட்சிப் புலோலியில் பிறந்த பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை, கல்வெட்டு மொழியை ஆராய்ந்த பெரும் புலமையாளர். அவரே 1940 இல் ‘நானாடகம்’ நூலின் வாயிலாக யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழை அச்சேற்றினார். சுன்னாகத்தில் நா. பொன்னையா 1930 இல் தொடங்கிய ‘ஈழகேசரி’ இந்நாட்டு எழுத்தாளர்களுக்குக் களம் அமைத்தது. 1959 இல் ‘தினகரன்’ ஆசிரியப் பொறுப்பை ஏற்ற க. கைலாசபதி ஈழத்துப் படைப்புகளுக்குப் பத்திரிகையில் உரிய இடத்தைக் கொடுத்தார். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சு கதைகளில் ஒலித்தபோது அதை ‘இழிசனர் வழக்கு’ என்று பண்டிதர் சிலர் ஒதுக்கினர். அந்தக் காலத்திலேதான், பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திச் சிகை அலங்கரிப்பு நிலையத்தில் தொழில் செய்த டொமினிக் ஜீவா, 1966 இல் ‘மல்லிகை’யைத் தொடங்கினார். எங்கள் சொற்களுக்கு அடிக்குறிப்பு வேண்டும் என்று தமிழகத்தில் எழுந்த குரலையும் நாம் ஏற்கவில்லை. எங்கள் மண்ணை எங்கள் வாயால் சொல்வோம் என்றோம்.

நேயர்களே, நாம் கேட்ட அந்த உரிமையை மற்றவருக்கு நாம் கொடுத்தோமா? இது நம்மை நோக்கியே கேட்க வேண்டிய கேள்வி.

மட்டக்களப்பு மாவட்டத்தின் வடபால் வாகரைப் பகுதியிலும், திருகோணமலை மாவட்டத்தின் மூதூர்ப் பகுதியிலும் கரையோர வேடர் வாழ்கிறார்கள். அவர்கள் பேசுவது தமிழ். கடலும் காடும் சேனையும் அவர்களின் வாழ்வு. 1911 இல் செலிக்மன் தம்பதியர் வெளியிட்ட வேடர் பற்றிய ஆங்கில நூலிலும் இவர்களைப் பற்றிய குறிப்பு உண்டு. 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும், 2006 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வாகரையைச் சூழ்ந்த போரையும் அப்பகுதி மக்களோடு இவர்களும் கண்டவர்கள். ஆயினும் நம் பத்திரிகைகளில் இவர்களைப் பற்றி எப்படி எழுதுகிறோம்? “முன்னொரு காலத்தில் வாழ்ந்தனர்”, “தேன் எடுத்தனர்”, “அழிந்துவரும் இனத்தவர்” என்றெல்லாம் எழுதுகிறோம்.

தமிழ் கற்பிக்கும் எனக்கு இங்கே வினைமுற்றுத்தான் உறுத்துகிறது. நம் இலக்கணம் அக்காலத்துக்கு இட்ட பெயர் இறந்தகாலம். உயிரோடிருக்கும் மனிதரை இறந்தகாலத்தில் எழுதுவதைச் சாதாரண மொழிநடை என்று சொல்லிவிட முடியாது. வாழ்கிறவருக்குக் காணி வேண்டும், பாடசாலை வேண்டும், மீன்பிடிக்கும் உரிமை வேண்டும். ‘வாழ்ந்தவருக்கு’ ஒரு படமும் ஒரு பந்தியும் போதும்.

கனடாவில் கிரீ மக்களைச் சேர்ந்த கிரெகரி யங்கிங் என்ற பதிப்பாசிரியர், பூர்வகுடிகளைப் பற்றியும் அவர்கள் எழுதியவற்றையும் செப்பனிடுவது எப்படி என்று 2018 இல் ஒரு கைந்நூல் வெளியிட்டார். பூர்வகுடிகளைப் பொருந்தாத இடத்தில் இறந்தகாலத்தில் எழுதாதீர் என்பது அதிலுள்ள நெறிகளில் ஒன்று. அச்சமூகத்தோடு கலந்து செயற்பட வேண்டும், மூத்தோரின் வழிவழி அறிவை மதிக்க வேண்டும் என்பனவும் அதில் உண்டு. அவுஸ்திரேலியாவில் 1991 இல் தோன்றிய ‘கூரி மெயில்’ ஆதிக்குடிகளின் அமைப்புகளுக்கே சொந்தமான பத்திரிகை. அங்கே அவர்கள் தகவல் கொடுப்பவர்களாக மட்டும் நின்றுவிடவில்லை. எதை வெளியிடுவது என்று முடிவெடுக்கும் மேசையிலும் இருக்கிறார்கள்.

நாம் செய்யத்தக்கவை பெரிய காரியங்கள் அல்ல. வாகரையைப் பற்றிய கட்டுரை நம் கைக்கு வந்தால், செலிக்மன் சொன்னது முதற் பந்தியிலும் அவ்வூர்க் கிழவி சொன்னது கடைசி வரியிலும் இருக்கிறதா என்று பார்க்கலாம். அப்படியிருந்தால் வரிசையை மாற்றலாம். அவர் சொன்ன சொல்லை மாற்றுமுன் அவரிடமே கேட்கலாம். அச்சுக்குப் போகுமுன் கட்டுரையை அவருக்கு வாசித்துக் காட்டலாம். சடங்கிலே வெளியாருக்குச் சொல்லக் கூடாதது உண்டு என்றால், அதை விட்டுவிடலாம். அங்கிருந்து எழுத வரும் இளையவருக்குப் பத்தியையும் பயிற்சியையும் கொடுக்கலாம். பிழை திருத்துவது நம் கடமைதான். ஆனால் எது பிழை, எது நாம் அறியாத அறிவு என்று பிரித்துணர்வது அதற்கு முந்திய கடமை.

அந்த மாணவனின் மூலப்பிரதி இன்றும் என் மேசை இலாச்சியில் இருக்கிறது. யாருடைய எழுத்தையாவது திருத்த அமரும்போது அதை ஒரு தடவை எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன். சோளகம் என்ற சொல்லின்மேல் நான் இழுத்த சிவப்புக் கோடு இன்னும் மங்கவில்லை.